டார்லீனின் நீளப் பட்டை

டார்லீன் பெல்கோலாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கிவீனா முனையில் பனிவண்டித் தடங்களைச் சீவிச் சமன்செய்யும் வேலை என்னுடையது. பெரிய வண்டிக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைக் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டே போய், பாய் விரித்த மாதிரி தடம் போட்டு வைப்பேன். நான் வீட்டுக்குப் போய் பூட்ஸைக் கழற்றுவதற்குள் டார்லீன் அதன்மேல் ஏறி, பெட்ரோல் பங்கிலிருந்து காட்டு ஓரம்வரை உழுது தள்ளிவிட்டுப் போயிருப்பாள்.

அவள் வண்டியின் பட்டை அப்படி. பனிவண்டியில் எஞ்சின், இருக்கை, பெயிண்ட் எல்லாம் சும்மா. ஓடுவது அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டைதான். என் தடத்தில் ஒழுங்காக ஓடுகிறவர்கள் குட்டைப் பட்டை போடுவார்கள், அதில் விரல் கனத்துக்குச் சின்னப் பல். டார்லீனுடையது இருக்கைக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டு கிடக்கும். அதில் ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் உயரம். இடுப்பளவு பனியில் மிதப்பதற்கென்றே செய்த பட்டை அது. கெட்டியான தடத்தில் அதை ஓட்டுவது கல்யாண வீட்டுக் கம்பளத்தில் கலப்பை ஓட்டுகிற மாதிரி.

"ஏய் டார்லீன், நேத்துதான் சீவி வச்சேன். இப்படி உழுதுட்டுப் போறியே, உருளைக்கெழங்கு நடப் போறியா?" என்று பங்கில் வைத்துக் கேட்டேன் ஒரு தடவை.

"ஆமா ஆர்வோ. வெளஞ்சா உனக்கு ஒரு மூட்டை தனியா எடுத்து வைக்கறேன்" என்று சொல்லி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் கோபத்தை அதிக நேரம் பிடித்து வைத்திருக்க முடியாது. கை வலித்துவிடும்.

அவளுடைய உத்தியோகம் சாலையில் பனி தள்ளுவது. ஏரியிலிருந்து மேகம் கிளம்பி வந்தால் எங்கள் ஊரில் தபால் பெட்டி மறையும், பிறகு வேலி மறையும், பிறகு பக்கத்து வீட்டுக்காரன் மறைவான். விடிவதற்கு முன்னால் டார்லீன் தன் ஆரஞ்சு லாரியை எடுத்துக்கொண்டு வந்து எங்களையெல்லாம் தோண்டி எடுப்பாள். ஆள் குள்ளம், லாரியில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்கு மேல் சிவப்புத் தொப்பி மட்டும்தான் தெரியும். வாரம் முழுக்கப் பனியை ஒதுக்கித் தள்ளுகிறவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாரும் ஒதுக்காத பனியைத் தேடிக் காட்டுக்குள் போவாள். பிர்ச் மரங்களுக்கு நடுவே, வண்டியில் எழுந்து நின்றபடி, மேட்டில் ஏறி வளைந்து இறங்குவாள். பனி அவள் தோளுக்கு மேல் புகையாக எழும்பும். நான் தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். என் தடத்தைக் கெடுக்கிறவள் என்பது அப்போது மறந்து போகும். அவ்வளவு அழகு.

அந்த அழகை ஒருவன் ஒரு தடவை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டான். அவள் முதல் புருஷன் ராட். மரக்கடை வைத்திருந்தான், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், அவள் வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவளுடைய நீளப் பட்டை வண்டியை விற்றுவிட்டு ஒரே நிறத்தில் இரண்டு குட்டைப் பட்டை வண்டிகளை வாங்கி வாசலில் நிறுத்தினான். இரண்டு பேரும் சேர்ந்து தடத்தில் போகலாமாம். ஊரே "எவ்ளோ ஆசையான புருஷன்" என்றது. நானும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் ராட் முன்னால் போக, டார்லீன் பின்னால் போனாள். அவள் முகம் எப்போதும் பக்கவாட்டில், காட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

பிரிந்தபோது சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "ராட் ஒரு தப்பும் பண்ணல ஆர்வோ. என் வண்டிய வித்தான், நான் தேங்க்ஸ்னு சொன்னேன். அதான் தப்பு" என்றாள் என்னிடம். தனி வீட்டுக்குக் குடி போனவள் கட்டில் வாங்குவதற்கு முன்னால் நீளப் பட்டை வண்டியைத்தான் வாங்கினாள். அந்த வருஷம் முழுக்கத் தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படி ஒண்டியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயதில் வெண்டல் ட்ரெசோனா வந்து சேர்ந்தான்.

வெண்டல் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மனைவியை இழந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. ஆள் உயரம், ஒல்லி. பனிவண்டியில்கூட மேடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்காருவான். அவன் வண்டியில் குட்டைப் பட்டை, சின்னப் பல், ஐஸில் வழுக்காமல் இருக்க இரும்பு ஆணி. தடத்தை விட்டு ஒரு அடி இறங்க மாட்டான். தடத்தோரம் ஒரு குடிசைக் கடையில் காப்பி, அடுத்ததில் பழப் பணியாரம் என்று தின்றுகொண்டே போவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இவனை மாதிரி ஆட்களுக்குத்தானே நான் தடம் போடுகிறேன்!

அவர்கள் சந்தித்தது ஒரு மார்ச் மாதம். வெயிலில் உருகிய தடம் ராத்திரி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. பனிவண்டியின் எஞ்சின் சூடு தணிவதே பட்டை வாரி மேலே அடிக்கிற பனியால்தான். கண்ணாடித் தடத்தில் வாருவதற்கு என்ன இருக்கிறது? டார்லீனின் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அவள் முட்டி போட்டு, தடத்து ஓரத்திலிருந்து பனியைக் கையால் அள்ளி அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். வெண்டல் வண்டியை நிறுத்தினான்.

"நான் ஏதாவது உதவி செய்யலாங்களா?"

"உங்க தொப்பியக் குடுங்க."

முயல் ரோமத் தொப்பி. கொடுத்தான். அவள் அதில் பனியை வாரி வாரி அடைத்து எஞ்சினைக் குளிர வைத்துவிட்டு, நனைந்து தொங்கிய தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். அதை அப்படியே தலையில் போட்டுக்கொண்டு, காதோரம் தண்ணீர் ஒழுக, "ஒரு காப்பி சாப்பிடலாமா?" என்று கேட்டானாம். அப்புறம் என்ன, மாட்டிக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

கோடை முழுக்க ஒன்றாகச் சுற்றினார்கள். அவன் கச்சேரிக்கு அவள் போவாள். விடியலில் எழுந்து பழகிய உடம்பு, இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடுவாள். அவனுக்கு அதில் பெருமை. "என் பசங்க வாசிக்கறப்போ தூங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதுக்கு மனசுல நிம்மதி வேணும்" என்பான். அக்டோபரில், மீன் வறுவல் விருந்தில், தட்டைக் கீழே வைக்காமலேயே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான்.

"பனி வரட்டும். அப்புறம் சொல்றேன்" என்றாள் டார்லீன்.

என்னிடம் வந்து சொன்னது வேறு. "அவன் நல்லவன் ஆர்வோ. அதான் பயமா இருக்கு. கெட்டவனா இருந்தா போய்யான்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நல்லவன் ஆசையா வந்து சேந்து போகலாம்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மறுபடியும் தேங்க்ஸ்னு சொல்லிடுவேனோன்னு இருக்கு."

பனி வந்தது. முதலில் தடத்தில் சேர்ந்து போனார்கள். அவள் வண்டி கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை கொதிக்கும். ஓரத்து மெத்துப் பனியில் இறக்கிக் குளிர வைத்து மறுபடி ஏற வேண்டும். வெண்டல் காத்திருந்து காத்திருந்து மூன்று பணியாரம் கூடத் தின்றான். அடுத்த வாரம் காட்டுக்குள் போனார்கள். அவன் குட்டைப் பட்டை நாலு வண்டி நீளம் போவதற்குள் கைப்பிடி வரை மூழ்கியது. டார்லீன் அன்று முழுக்க மண்வெட்டியும் கையுமாக இருந்தாள். அவனுக்கோ ஒரே குஷி. "இவ்ளோ நேர்த்தியான குழிய யாரும் எனக்காகத் தோண்டினதில்ல" என்றானாம். அவள் சிரித்தாள், ஆனால் கல்யாணத்துக்குப் பதில் மட்டும் வரவில்லை.

எங்கள் ஊரில் ஒருவன் எந்தச் சர்ச்சுக்குப் போகிறான் என்று யாரும் கேட்க மாட்டோம். என்ன பட்டை போட்டிருக்கிறான் என்றால் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வோம். நார்மின் ஒர்க்ஷாப்பில் ஒரு நாள் அடுப்பைச் சுற்றி அந்தப் பேச்சுத்தான். நார்ம் மெக்கானிக், வாயில் சுருட்டு இருந்தாலும் பேச்சு நிற்காது. நீளம்தான் முக்கியம் என்றான் ஒருத்தன். பல்தான் முக்கியம் என்றான் இன்னொருத்தன். வெண்டல் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வாத்தியார் இல்லையா, பாடம் கேட்டால் உடனே வீட்டுப்பாடம் செய்துவிட வேண்டும். பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

போனவன் செய்த காரியத்தை எங்கள் ஊரில் காதலில் விழுந்த ஒருத்தன்தான் செய்வான். தன் குட்டை வண்டிக்கு அதே குட்டை நீளத்தில், ஆனால் டார்லீனுடையதைப் போலக் கட்டைவிரல் உயரப் பல் வைத்த பட்டையை வரவழைத்தான். யாரிடமும் சொல்லாமல் தானே மாட்டினான். பல் உயரம் வண்டிக் கூட்டுக்குள் அடங்கவில்லை, மேலே தட்டியது. கழற்றித் திருப்பி அனுப்புவானா? ரம்பத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக நறுக்கினான். அதுவும் கண் மதிப்பில்.

சனிக்கிழமை சாயங்காலம் டார்லீன் வீட்டில் சௌனா என்கிற நீராவிக் குளியல், பிறகு சாப்பாடு. அவளை அசத்த வேண்டுமென்று அந்தப் பட்டையோடு கிளம்பினான். நான் எதிரே வந்துகொண்டிருந்தேன். வாசனைதான் முதலில் வந்தது, பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். அப்புறம் சத்தம். ஒரே சமயத்தில் எல்லா மாணவர்களும் தப்பாக ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. உயரமும் தாழ்வுமாக நறுக்கிய பல், தடதடவென்று அடித்துக்கொண்டு, என் புதுத் தடத்தைக் கந்தல் துணியாகக் கிழித்துக்கொண்டு வந்தது. பட்டைக்குள் சறுக்குகிற பிளாஸ்டிக் சட்டங்கள் பனி ஈரம் கிடைக்காமல் உருகி வழிந்துகொண்டிருந்தன.

"யோவ் வாத்தியாரே! என்னய்யா இது?"

"டார்லீன் கூடப் போகணும்னு..." என்றான். மூக்கு நுனியில் பனிக்கட்டி.

நான் திட்ட வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். வண்டியை என் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் விட்டேன்.

டார்லீன் வாசல் விளக்கைப் போட்டு, குனிந்து, ரம்பம் பட்ட பல்லையெல்லாம் பார்த்தாள். பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு. மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள்.

"அய்யோ, எலி கடிச்ச மாதிரி இல்ல இருக்கு! யோவ், பல்லு பெருசா இருந்தா போதுமா? குட்டப் பட்டையில பெரிய பல்லு வச்சா அது குழிதான் தோண்டும். மெதக்கணும்னா நீளம் வேணும்யா, நீளம்!"

"நார்ம் கடையில அந்தப் பாடம் வர்றதுக்குள்ள நான் எந்திரிச்சு வந்துட்டேன் போல" என்றான் வெண்டல்.

சிரிப்பு நின்றது. அவன் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராட் விற்றது அவளுடையதை. இவன் தன்னுடையதை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அது அவளுக்குப் புரிந்தது என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "உன்ன யாருய்யா என்ன மாதிரி ஆகச் சொன்னது?" என்றாள், இந்தத் தடவை சிரிக்காமல். "வா, சௌனா ஆறிடும்."

திங்கட்கிழமை மூன்று பேருமாக நார்மிடம் போனோம். அந்த எலி கடித்த பட்டையைப் பார்த்து நார்ம் சுருட்டையே கீழே போட்டுவிட்டான். டார்லீன்தான் பேசினாள். வெண்டலின் வண்டிக்குப் பின்னால் கூட்டை நீட்டி, சட்டத்தை மாற்றி, நடுத்தர நீளப் பட்டை போட வேண்டும். பல் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. தடத்திலும் கொதிக்காது, ஓரத்துக் காட்டில் கொஞ்ச தூரம் இறங்கினாலும் மூழ்காது.

"சரியான தேர்வு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீயும் அதே பட்டைக்கு மாறிடு. உன்னோடது வர வர தடத்துல கொதிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போட்டுத் தர்றேன். எங்க வேணா சேந்து போகலாம்" என்றான் நார்ம்.

எவ்வளவு நியாயமான பேச்சு! அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். என் தடத்துக்கும் நல்லது. என் தலைகூட ஆடத்தான் செய்தது. டார்லீன் தலை மட்டும் ஆடவில்லை. அவள் கையுறையை முறுக்கிக்கொண்டு நின்றாள். தேங்க்ஸ் என்று சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குப் பகீரென்றது.

"வேணாம். அவளோடது அப்படியே இருக்கட்டும். என்னோடத மட்டும் போடு" என்றான் வெண்டல்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் என் காதில், "சொல்றது லேசு ஆர்வோ. ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தடம் காட்டை ஒட்டி வளைகிற இடத்தில், சாய்ந்துபோன வழிகாட்டிப் பலகைக் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அது ரொம்ப நாளாகவே சாய்ந்துதான் இருந்தது. அன்றைக்குத்தான் நிமிர்த்தத் தோன்றியது என்று வைத்துக்கொள்ளுங்களேன். முந்தின நாள் கொட்டிய பனி, மாவு மாதிரி, ஒரு சுவடு இல்லாமல் கிடந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். டார்லீன் காட்டுக்குள் இறங்கினாள். வெண்டல் பின்னாலேயே இறங்கினான். புதுப் பட்டை அவனைத் தாங்கியது! பத்து மரம், இருபது மரம் தாண்டிப் போனான். "மெதக்கறேன்! டார்லீன், நான் மெதக்கறேன்!" என்று அவன் கத்தியது என் கம்பம் வரைக்கும் கேட்டது. மேடு தொடங்குகிற இடத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. அவனே புத்தியாகத் திருப்பி, பேசினால் என் கம்பத்துக்குக் கேட்கிற தூரத்தில் நிறுத்திக்கொண்டான்.

"இதுக்கு மேல என் பட்டை ஏறாது. நீ போ" என்றான்.

"நீ என்ன பண்ணுவ?"

"இங்க இருக்கேன்."

அவள் போனாள். முதல் ஏற்றத்தில் அவ்வப்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள். மேட்டுக்கு அப்பால் போய், அடுத்த மேட்டில் தெரிந்து, மறைந்து, வெள்ளைப் புகையோடு பிர்ச் மரங்களுக்கிடையில் சரிந்து இறங்கி, மறுபடி ஏறினாள். அன்று ஓட்டிய மாதிரி அவள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. நிழல் நீண்டபோதுதான் திரும்பி வந்தாள், இமையெல்லாம் பனியோடு.

வெண்டல் இருக்கையில் குறுக்காக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ரொட்டி இரண்டைக் காகிதத்தில் சுற்றி, சூடு ஆறாமலிருக்க, எங்கள் வழக்கப்படி எஞ்சினின் புகைக்குழாய் மேல் வைத்திருந்தான். ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் கடித்தாள். பல் இறங்கவில்லை.

"என்னய்யா இது, கல்லு மாதிரி இருக்கு? கொழா மேலதான வச்சிருந்த?"

"எஞ்சின நிறுத்திட்டேன்."

"எப்போ?"

"நீ போனவொடனே. ஓடிட்டே இருந்தா, சத்தம் கேட்டு, நான் கூப்பிடறேன்னு நெனச்சு சீக்கிரம் எறங்கி வந்துடுவியோன்னு."

டார்லீன் உறைந்துபோன பாஸ்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கம்பத்தடியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்காற்று என்று சொல்லலாம்தான், காற்றே இல்லை. அவள் பாஸ்டியைக் கடைவாயில் வைத்து, இரண்டு கையாலும் இழுத்து, ஒரு மூலையை உடைத்து, மென்றாள். மென்று முடிக்க வெகு நேரம் ஆனது.

"பனி இருக்கும்போதே வச்சுக்கலாம்" என்றாள்.

"எத?"

"கல்யாணத்த, வாத்தியாரே."